வெட்டின முனை

வேலிக்காரர் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவர் வாயில் பென்சில் இருந்தது. ஒரு கையில் அளவு நாடா, இன்னொரு கையில் மழையில் ஊறி உப்பிப்போன நோட்டு. புயல் ஓய்ந்து மூன்றாம் நாள். காலையிலிருந்து அது ஒன்பதாவது வீடு.

அந்த வீட்டு மகன் அவருடைய தோளை ஒட்டியே நடந்து வந்தான். துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளன். முப்பது வயது இருக்கும். மூன்று நாள் தாடி.

"நீங்க தொழில் தெரிஞ்சவர். நீங்களே சொல்லுங்க" என்றான். "கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடலை. காத்து கேட்டைப் பிடிச்சு ஆட்டியிருக்கு. அந்த ஆட்டத்துல கேட் கம்பம் சாஞ்சு, பக்கத்துக் கம்பத்தையும் இழுத்து, மொத்த வரிசையும் போயிருச்சு. அப்படித்தானே?"

பதினான்கு கம்பம், பதினான்கு பலகைத் தட்டி என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்த வேலிக்காரர், கணக்கு விட்டுப்போகக் கூடாதே என்று, பென்சிலைக் கடித்தபடியே சொன்னார்:

"இருக்கலாம்."

அவ்வளவுதான். சமையலறை ஜன்னலில் யாரோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு பத்தாவது வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வீட்டில் நடந்தது தெருவுக்கே தெரியும். புயலன்று மாலை வீட்டுக்குள் கடைசியாக வந்தவள் மகள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். பஸ் தெருமுனையோடு திரும்பிவிட்டது. குடை பூப்போல் மேலே விரிந்து கையை விட்டுப் போனது. தொப்பலாக நனைந்து ஓடி வந்தவள் கேட்டைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். கேட்டின் அடியில் தரைக்குள் இறங்கும் தாழ்ப்பாள். குனிந்துதான் போட வேண்டும். அவள் குனியவில்லை.

அரைமணி நேரத்தில் கேட் டமால் டமாலென்று அடிக்கத் தொடங்கியது. அவர்களுடைய அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார். எடைமேடையில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற மனிதர். எதுவும் ஆடிக்கொண்டிருந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. அவர் கேட்டை எட்டியபோது அதை ஒட்டிய வேலியில் நான்கு தட்டிகள் ஒன்றோடொன்று கோர்த்தபடி மொத்தமாக எழும்பி அவர் மேல் வந்து விழுந்தன. ஒரு தட்டியே ஓர் ஆள் கனம். மகன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். தெருவெங்கும் மரங்கள் விழுந்து கிடந்ததால் விடியும்வரை வண்டி எதுவும் வர முடியவில்லை. வண்டி வந்தபோது தேவையில்லாமல் போயிருந்தது.

புயலுக்கு எட்டாவது நாள், வெள்ளிக்கிழமை, வேலிக்காரர் வேலை தொடங்க வந்தார். கூடவே அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. பதினெட்டு வருஷமாக அவருடன் குழி வெட்டுகிறவன். வாய் ஓயாது. தெருவில் அவனுக்குப் பேரே ரேடியோதான்.

கடலோரத் தெரு என்றால் அழகாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். இப்போது வந்து பார்க்க வேண்டும். வாசற்படி ஏறி மணல் வீட்டுக்குள் போயிருந்தது. இலைகளெல்லாம் உப்புக் காற்றில் கருகி, தீ வைத்ததுபோல் நின்றன. யாரோ ஒருவருடைய குளிர்சாதனப் பெட்டி சாக்கடையில் மல்லாந்து கிடந்தது. மின்சாரம் இன்னும் வரவில்லை. வேலி இல்லாத வீடுகள் துணி விலகிய ஆள்போல் கூச்சத்துடன் நின்றன. ஒரு வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தால் நாலு வீட்டுக்குத் தெரிந்தது.

"மாமா, புயல் நம்ம சொந்தக்காரன் மாதிரி" என்றான் ரேடியோ, லாரியிலிருந்து கடப்பாரைகளை இறக்கியபடி. "சொல்லாம வருவான். ராத்திரி தங்குவான். போனப்புறம் ஒரு வாரத்துக்கு நமக்கு வேலை வெச்சுட்டுப் போவான்."

"மெதுவாப் பேசு மாப்ள. சாவு விழுந்த வீடு."

"தெரியும் மாமா. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எல்லாம் சொன்னாங்க." ரேடியோ குரலைத் தாழ்த்தினான். அவனுடைய தாழ்ந்த குரலே மற்றவர்களுக்கு உரத்த குரல். "அண்ணன்காரன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்லையாம். அவ எதிர்லயே நிக்கும்போது அம்மாகிட்ட, 'தண்ணி கொண்டாரச் சொல்லுங்க அவளை'ன்னு சொல்றானாம். ஞாயித்துக்கிழமை அவளை சித்தி வீட்டுக்கு அனுப்புறாங்க. அவ இந்த வீட்ல இருந்தா நான் இருக்க மாட்டேன்னுட்டானாம். சித்தப்பா காரு எடுத்துக்கிட்டு வர்றாராம்."

"பாவம்."

"பாவம்தான். ஆனா நீங்களே சொல்லிட்டீங்களாமே, கேட் ஆடினதாலதான்னு. 'வேலிக்காரரே பார்த்துச் சொல்லிட்டாரு, அப்புறம் என்ன பேச்சு'ன்னு அண்ணன்காரன் எல்லார்கிட்டயும் சொல்றானாம்."

வேலிக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு விரல் உள்ளே போகவில்லை. கழற்றி மறுபடி மாட்டினார்.

"நான் அப்படிச் சொல்லலை. இருக்கலாம்னுதான் சொன்னேன்."

"அது போதாதா?" என்றான் ரேடியோ.

வரிசைக் கம்பங்கள் எல்லாமே தரை மட்டத்தில் முறிந்திருந்தன. தரைக்குக் கீழே, கான்கிரீட்டுக்குள், அடிக்கட்டைகள் புதைந்து கிடந்தன. அதைப் பிடுங்காமல் புதுக் கம்பம் நட முடியாது. சுற்றிலும் மண்ணைப் பறித்து, சங்கிலி கட்டி, கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். மூன்றாவது நெம்பில் கான்கிரீட் கட்டி பல் பிடுங்கினாற்போல் வெளியே வந்தது. வேலிக்காரர் சம்மட்டியால் இரண்டு போடு போட்டார். கட்டி பிளந்து மரத்தின் அடி வெளியே தெரிந்தது.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

வெளிச்சுற்று மருந்தின் பச்சை நிறம் மாறாமல் கெட்டியாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. விரலை விட்டார். கசக்கிப் பிழிந்த டீத்தூள்போல் ஈரமாக உதிர்ந்தது. அடிமுனை தட்டையாக, ரம்பப் பல்லின் கோடுகளோடு இருந்தது. அந்தக் கோடு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் கை எப்போதும் இடப்பக்கம்தான் சாயும். அது ரேடியோவுக்கும் தெரியும்.

வேலி வேலை செய்கிறவன் முதல் நாள் கற்றுக்கொள்வது ஒன்று உண்டு. உளுக்காமலிருக்க மருந்தேற்றின மரத்தை வெட்ட நேர்ந்தால் வெட்டின முனை மேலே போக வேண்டும், மண்ணுக்குள் போகக் கூடாது. மருந்து மரத்தின் பக்கங்களில் ஒரு விரற்கடை ஆழம்தான் ஏறும். உள்ளே மருந்தேறாத வெறும் மரம்தான். ஆலையிலிருந்து வரும் முனை மட்டும் மருந்தை முழுசாகக் குடித்திருக்கும். அந்த முனையை வெட்டிவிட்டுப் புதைத்தால் உள் மரம் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண்ணின் ஈரத்தை இழுக்கும். வெளியே பார்க்கக் கம்பம் ராஜா மாதிரி நிற்கும். உள்ளே கூடு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவுக்கு வந்த கம்பங்களுக்கு மேல்முனையில் உருண்டைத் தலை கடைந்திருந்தது. எட்டடிக் கம்பம், மூன்றடிக் குழி. ஆனால் இரண்டடிக்குக் கீழே கிளிஞ்சலும் மண்ணும் இறுகிப்போன கெட்டிப் படுகை. கடப்பாரை போட்டால் பொறி பறந்தது. ஒரு குழிக்கு அரை நாள் பிடிக்கும். கம்பத்தில் ஓரடி குறைத்துவிட்டால் வேலை முடிந்தது. மேலே வெட்டலாம். ஆனால் வீட்டுக்காரர்களுக்கு அந்த உருண்டைத் தலை பிடித்துப்போயிருந்தது. இந்த வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு தலையையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "இதை மட்டும் கை வெச்சிராதீங்க" என்று சிரித்தார். வேலிக்காரர் அடியை வெட்டினார். ஏழு வீடு. தொண்ணூற்றெட்டுக் கம்பம். வெட்டின துண்டுகளை யாருடைய அடுப்புக்கோ கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது கட்டையும் அப்படியே வந்தது. மூன்றாவதும்.

ரேடியோ அணைந்து போயிருந்தான். நாலாவது குழிக்கு மண் பறிக்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"மாமா. இதை உடைச்சுச் சாக்குல போட்டுருவோம். மேல கான்கிரீட் துண்டைப் போட்டா யாருக்கும் தெரியாது."

 வேலிக்காரர் சம்மட்டியை எடுத்தார். மூன்று கட்டைகளையும் உருத்தெரியாமல் நொறுக்கினார். சாக்கில் அள்ளிப் போட்டார். அதைத் தன் கையாலேயே செய்தார், மச்சினனைச் செய்யவிடவில்லை. பிறகு சாக்கின் வாயைக் கட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"அவரேதானே கேட்டாரு, தலையை வெட்டாதேன்னு" என்றான் ரேடியோ. "நாம என்ன ஆசைப்பட்டா வெட்டினோம்? அப்புறம் இது என்ன காத்து, சும்மா காத்தா? இரும்புத் தகரமே பறந்துச்சு. நல்ல கம்பமா இருந்தாலும் போயிருக்கும்."

"போயிருக்கும்."

"அப்புறம் என்ன?"

"தெரு கடைசியில நாம போடாத வேலி ஒண்ணு இருக்கு பாரு. மஞ்சள் வீடு."

ரேடியோ பார்க்கவில்லை. அந்த வேலி நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும். ரெண்டு தட்டி பறந்திருந்தது. கம்பம் ஒன்றுகூட முறியவில்லை.

"ஏழு வீடு மாமா" என்றான். "ஒரு வீட்ல சொன்னா ஏழு வீட்டுக்கும் சொன்ன மாதிரி. அப்புறம் இந்தக் கரையில நம்மளைக் கூப்பிட்டு ஒரு ஆணி அடிக்கச் சொல்வானா எவனாவது? நம்ம வயித்துல நாமே அடிச்சுக்கணுமா? ஒரு மனுஷன் செத்தாச்சு. நீங்க சொன்னா எழுந்து வரப்போறாரா?"

"வர மாட்டாரு."

"அவ்வளவுதான்."

அந்த நேரத்தில் மகள் வந்தாள். இரண்டு தம்ளரில் டீ. தட்டை வைக்க இடம் தேடினாள். வேலிக்காரர் சட்டென்று எழுந்து, தான் உட்கார்ந்திருந்த சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அவள் தட்டைத் தரையில் வைத்தாள். உடனே போகவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். "தப்பா நினைச்சுக்காதீங்க."

"கேளுங்கம்மா."

அவள் கேட் பக்கம் கையைக் காட்டினாள். கேட் கம்பம் மட்டும் கொஞ்சம் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தது. மற்றதைவிடத் தடிமன். சதுரக் கம்பம். உருண்டைத் தலை கிடையாது.

"சமையல்கட்டு ஜன்னல்லருந்து பார்த்தா அதுதான் நேரா தெரியும். எட்டு நாளா அதையேதான் பார்த்துக்கிட்டு இருக்கேன். எல்லாக் கம்பமும் முறிஞ்சிருக்கு. அது மட்டும் முறியல. சாஞ்சுதான் இருக்கு. கேட் ஆடினதாலதான் எல்லாம் விழுந்துச்சுன்னா, முதல்ல அதுதானே முறிஞ்சிருக்கணும்?"

வேலிக்காரர் கேட் கம்பத்தைப் பார்த்தார். கையில் டீ தம்ளர் சுட்டது.

"எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றாள் அவள். "நீங்க பார்த்துச் சொல்லியிருக்கீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குப் புரியணும்னுதான் கேக்கறேன். அந்தத் தாழ்ப்பாள் போட எத்தனை செகண்ட் ஆகும்னு குனிஞ்சு போட்டுப் பார்த்தேன். நாலு செகண்ட். நாலே நாலு செகண்டுல இத்தனை கம்பம் எப்படிப் போச்சுன்னு புரிஞ்சுட்டா, நான் பாட்டுக்கு சித்தி வீட்டுக்குப் போயிருவேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். ஆஸ்பத்திரியில் யாரிடமோ பேரும் வயதும் கேட்பதுபோல் கேட்டாள்.

கேட் கம்பம் தனியாக வாங்கினது. சரியான நீளத்திலேயே வந்தது. அதற்கு மட்டும் ரேடியோவும் அவரும் ஒரு நாள் முழுக்கப் படுகையை உடைத்தார்கள், கேட்டின் கனம் தாங்க வேண்டுமே என்று. அதனால்தான் நிற்கிறது. வரிசை அந்தக் கோடியிலிருந்து முறிந்து வந்து கடைசியில் இதை இழுத்துச் சாய்த்திருக்கிறது. கேட் வரிசையை இழுக்கவில்லை. வரிசைதான் கேட்டை இழுத்திருக்கிறது. மூன்றாம் நாளே பென்சிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். தொழில் தெரியாத இந்தப் பெண் ஜன்னலிலிருந்து கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்த பிறகும், அவர் சொன்ன ஒரு சொல்லுக்காகத் தன் கண்ணையே நம்பாமல் நிற்கிறாள்.

"அம்மாவையும் அண்ணனையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

"மாமா, வேணாம்" என்றான் ரேடியோ.

"நீ போய் லாரியில உக்காரு மாப்ள."

ரேடியோ கடப்பாரையை மணலில் குத்திவிட்டு உண்மையிலேயே போய் லாரியில் உட்கார்ந்துகொண்டான். கதவை அடித்துச் சாத்தினான்.

அவர்கள் வருவதற்குள் வேலிக்காரர் தனியாளாக நாலாவது கட்டையை நெம்பினார். ஒற்றை ஆளுக்கு அது வராது. வெறியோடு நெம்பினார். வந்தது. முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. சம்மட்டியால் உடைத்து அடிக்கட்டையைத் தனியே எடுத்து, புல்லில் நட்டுக்குத்தலாக வைத்தார்.

அம்மா வாசல்படியில் நின்றாள். மகன் கைகட்டி நின்றான். மகள் அவனிடமிருந்து நாலடி தள்ளி நின்றாள். அந்த நாலடி இந்த எட்டு நாளில் உண்டானது என்று பார்த்தாலே தெரிந்தது.

வேலிக்காரர் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைக்கத் தொடங்கினால் நடுவில் எங்காவது நின்றுவிடுவோம் என்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

"அன்னைக்கு நீங்க கேட்டப்போ இருக்கலாம்னு சொன்னேன். பாக்காம சொன்னேன். அது தப்பு. கேட் ஆடினதால எதுவும் விழலை. இந்தக் கம்பத்தோட அடியை நான்தான் வெட்டினேன். வெட்டின முனையை மண்ணுல வைக்கக் கூடாது. வெச்சேன். உள்ள உளுத்துப்போச்சு. காத்து அடிச்சதும் பிஸ்கட் மாதிரி உடைஞ்சிருக்கு. நல்ல மரம் காத்துல முறிஞ்சா நார் நாராக் கிழியும். இதுல நாரே இல்லை, பாருங்க."

மகன் வந்து கட்டையை எடுத்தான். பார்த்தான். கட்டை விரலால் நடுவில் அழுத்தினான். விரல் கணு வரைக்கும் உள்ளே போனது. வெளியே எடுத்து விரலைப் பார்த்தான்.

"ஏன் வெட்டினீங்க?"

"கீழ கெட்டிப் படுகை. உடைக்க நேரமாகும். வெட்டினா வேலை சீக்கிரம் முடியும்."

"தலைப் பக்கம் வெட்டியிருக்கலாமே?"

 அந்தப் பதில் வேலிக்காரரின் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் பொய்யில்லை. சொல்லாமல் இருப்பதும் ஒன்றும் பெரிய தியாகமில்லை. செத்தவர் தலையில் கட்ட அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வாசல்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "அவர்தான் வேணாம்னார். அந்த உருண்டை அழகா இருக்கு, கை வைக்காதீங்கன்னார். நான் அப்போ இங்கேதான் நின்னேன்."

"சொன்னாரும்மா" என்றார் வேலிக்காரர். "அவருக்குத் தெரியாது. முடியாதுங்கன்னு சொல்ல வேண்டியது நான். சொல்லலை."

 பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. நடுவில் வேலி இல்லை. தையல்காரம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் கட்டையைக் கீழே போட்டான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"என்ன சொன்னாலும், தாழ்ப்பாள் போட்டிருந்தா அப்பா வெளிய போயிருக்கவே மாட்டார்."

"போயிருக்க மாட்டார்" என்றார் வேலிக்காரர். "ஆனா கம்பம் நல்லா இருந்திருந்தா, போய் கேட்டைச் சாத்திட்டு, நனைஞ்சுக்கிட்டு, உங்களையெல்லாம் திட்டிக்கிட்டே உள்ள வந்திருப்பார்."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மகன் ஓரடி முன்னால் வந்தான். எட்டு நாளாக இறுக்கிப் பிடித்திருந்த ஒன்றைக் கையை விரித்துப் பார்க்கச் சொன்னால் மனிதனுக்குக் கோபம்தான் வரும்.

"கிளம்புங்க" என்றான். "உங்க கடப்பாரை, சங்கிலி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. இனிமே இந்த வாசல்ல உங்களைப் பார்த்தேன்னா..."

"இருங்க" என்றாள் மகள்.

அவள் அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை. வேலிக்காரரைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது ஜன்னல்ல எனக்குக் கேட்டுச்சு. பாக்காமலா சொன்னீங்க?"

"பாக்கலைம்மா. எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"எண்ணிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். "அஞ்சு நாள். எங்கப்பாவை நான்தான் கொன்னேன்னு அஞ்சு நாளா எனக்கு சாட்சி நீங்க."

அவர் தலையாட்டினார். மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தார். கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவளுக்கு வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"இவரே போடட்டும்மா" என்றாள் அம்மாவிடம். "வேற யாராவது வந்தா அவங்க மண்ணுக்குள்ள என்ன பண்ணாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? இவர் என்ன பண்ணுவார்னு இப்போ தெரியும். ஒவ்வொரு கம்பத்தோட அடியையும் நான் பார்க்கணும். பார்த்தப்புறம்தான் குழிக்குள்ள இறங்கணும்."

அம்மா மகனைப் பார்த்தாள். அவன் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி, கடல் பக்கமாக நடந்து போய்விட்டான்.

வேலிக்காரர் லாரிக்குப் போனபோது வழியில் தையல்காரம்மா நின்றாள்.

"என் வீட்லயும் அப்படித்தானா?"

"உங்க வீட்லயும்தான்."

"என் பேரன் அந்த வேலியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடை பழகினான்" என்றாள் அவள்.  உள்ளே போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மெஷின் ஓடவில்லை.

ரேடியோ லாரியில் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். நிமிராமலே சொன்னான்:

"அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க. நான் சொல்ல மாட்டேன்."

"சரி."

"கெட்டிப் படுகையை உடைக்க ஒத்தை ஆளால முடியாது."

"முடியாது."

"அதுக்காகத்தான் வர்றேன். வேற எதுக்கும் இல்லை."

அன்று பொழுது சாயும் வரையிலும், சனிக்கிழமை முழுக்கவும், படுகையை உடைத்தார்கள். மூன்றடிக்கு ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. கடப்பாரை பட்டு எழும்பும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கிளிஞ்சல் சில்லு ரேடியோவின் கன்னத்தைக் கீறியது. துடைத்துக்கொண்டு மறுபடி கடப்பாரையை ஓங்கினான். அதற்குள் ஆறு வீட்டுக்கும் சேதி போய்விட்டது. இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து, நீ எங்க வாசல் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒருவர் வந்து குழிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தையல்காரம்மா வீட்டையும் சேர்த்து மற்ற மூன்று வீடுகளில் கதவு திறக்கவில்லை. சனிக்கிழமை இரவு மகன் வீட்டுக்கு வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். சாப்பிட்டானாம். பேசினானா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பம் நடத் தொடங்கினார்கள். மகள் குளித்துவிட்டு, வெளியூர் போகிறவள்போல் நல்ல உடையில் வந்து நின்றாள். வேலிக்காரரும் ரேடியோவும் முதல் கம்பத்தைப் படுக்கை வாட்டத்தில் தூக்கி, அடியை அவளுக்கு நேராகக் காட்டினார்கள். அவள் குனிந்து பார்த்தாள். கையால் தடவினாள். பச்சை மருந்து கையில் ஒட்டியது.

"இது வெட்டாத முனைதானே?"

"ஆலையில வந்த முனைம்மா. நடுவுலயும் பச்சையா இருக்கு பாருங்க."

"இறக்குங்க."

இறக்கினார்கள். நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் பிடித்தார்கள். கான்கிரீட் ஊற்றினார்கள். இரண்டாவது. மூன்றாவது. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் குனிந்தாள். நாலாவது கம்பத்தை ரேடியோ காட்டும்போது கொஞ்சம் அசிரத்தையாகச் சாய்த்துப் பிடித்தான். "தெரியலை, நேரா காட்டுங்க" என்றாள். காட்டினான்.

ஐந்தாவது கம்பம் நடும்போது மகன் வெளியே வந்தான். படியில் உட்கார்ந்தான். யாரும் அவனைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஐந்தாவது இறங்கியது.

அப்போதுதான் தெருமுனையில் மணலில் சக்கரம் சிக்கித் திணறியபடி ஒரு கார் வந்து நின்றது. சித்தப்பா இறங்கினார். நடந்தது எதுவும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சாவு வீட்டுக்கு வருகிறவர்களின் அடக்கத்தோடு, கேட் பக்கம் வந்து நின்றார்.

"எல்லாம் எடுத்து வெச்சாச்சா?" என்றார் பொதுவாக. "வெயிலுக்கு முன்னால கிளம்பினா நல்லது."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். பெட்டி அவள் காலடியில் இருந்தது. மகள் குனிந்தவள் நிமிர்ந்தாள். கையில் பச்சைக் கறை. அதைத் துடைக்க எதுவும் அகப்படாமல் விரலை விரித்தபடி நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வேலிக்காரரும் ரேடியோவும் ஆறாவது கம்பத்தைத் தோளில் தாங்கியபடி நின்றுவிட்டார்கள். கனம் தோளை அறுத்தது. கீழே வைக்கலாமா என்று தெரியவில்லை.

மகன் படியிலிருந்து எழுந்தான். தங்கச்சியைக் கடந்து, அவளைப் பார்க்காமலே, சித்தப்பாவிடம் போனான்.

"இன்னும் ஒன்பது கம்பம் இருக்கு சித்தப்பா" என்றான்.  "அவ பார்த்துத்தான் இறக்கணும்."

"அதான் நீ இருக்கியேப்பா. நீ பார்த்துக்க மாட்டியா?"

"எனக்குப் பாக்கத் தெரியலை" என்றான் மகன்.

சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெயிலைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அம்மா அவருக்கு நாற்காலி கொண்டுவர உள்ளே போனாள்.

"நேரா காட்டுங்க" என்றாள் மகள்.

அவர்கள் கம்பத்தைத் திருப்பினார்கள். அவள் குனிந்தாள்.